ஃபேனை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ, செமஸ்டர் முடிவதற்குள் ஒரு குறும்படம் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். கையில் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். நண்பனின் கேமரா, இல்லையென்றால் ஒரு நல்ல போன். நடிக்க ஒப்புக்கொண்ட எதிர்வீட்டு அம்மா ஒருவர், ஹாஸ்டல் தம்பி ஒருவன். இந்த இடத்தில் பெரும்பாலான குழுக்கள் எந்த லென்ஸை வாடகைக்கு எடுக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிடுகின்றன. அதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: வசனத்தை அங்கேயே பதிவு செய்யப் போகிறீர்களா, பிறகு டப்பிங் பேச வைக்கப் போகிறீர்களா?

தமிழ் சினிமாவில் டப்பிங்தான் நெடுநாள் வழக்கம். படப்பிடிப்பில் பதிவாவது வெறும் பைலட் டிராக், அதாவது டப்பிங்குக்கு வழிகாட்ட மட்டும் வைத்துக்கொள்ளும் ஒலி. பிறகு ஸ்டுடியோவில் உதட்டசைவைப் பார்த்துப் பேசிச் சேர்ப்பார்கள். அது பழகியவர்கள் செய்யும் வேலை. முதல்முறை நடிக்கும் ஒரு அம்மா அடுப்படியில் நின்று பேசியதை, மூன்று வாரம் கழித்து ஓர் அறையில் ஹெட்போன் மாட்டி, திரையில் தன் உதட்டையே பார்த்துக்கொண்டு மறுபடி சொல்லச் சொன்னால் ஒப்பிக்கத்தான் செய்வார். முகத்தில் இருக்கும் தவிப்பு குரலில் இருக்காது. வேறொருவரைப் பேச வைத்தால் அவருடைய ஊர், வயது, மூச்சு மூன்றும் போய்விடும். இப்படிப்பட்டவர்களை வைத்து எடுக்கும் படத்தில் நம்மிடம் இருக்கும் பெரிய சொத்தே அவர்களுடைய குரல்தான்.

அதனால் லைவ் சவுண்டு, அதாவது நடிக்கும்போதே வசனத்தைப் பதிவு செய்வது. இதை முடிவு செய்துவிட்டால் கதை, வீடு, நேரம், உடை, எத்தனை பேர் அறைக்குள் நிற்கலாம் என்பது வரை எல்லாம் மாறும்.

கதையும் பேச்சும்

ஆறு முதல் எட்டு நிமிடம் போதும். பேசுகிறவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். ஒரே வீடு, பகல் நேரம். பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, பீச் என்று எழுதிவிட்டால் அங்கே வசனம் கேட்காது, அனுமதியும் வாங்க வேண்டும். ரயில் நிலையம், மெட்ரோ, தொல்லியல் துறையின் கீழ் இருக்கும் கோயில்கள், சிற்பங்கள் எல்லாவற்றுக்கும் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. இரண்டு நாள் ஷூட்டிங்குக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது.

ஒரு பக்கம் எழுதினால் ஒரு நிமிடம் படம் என்ற கணக்கை நம்ப வேண்டாம். அது குறிப்பிட்ட எழுத்துரு, குறிப்பிட்ட இடைவெளியில் ஆங்கிலத்தில் எழுதும் திரைக்கதைக்கு உருவான கணக்கு. கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு, நடப்பது, உட்காருவது, தண்ணீர் குடிப்பது எல்லாவற்றையும் செய்தபடி ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் நினைத்ததைவிட ஒன்றரை மடங்கு வரும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். கல்லூரியிலிருந்து நின்றுவிட்டதைச் சொல்ல மகன் வந்து நிற்கிறான். இதில் அம்மாவுக்கு “நீ ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை?” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அப்படியே கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் படம் அங்கேயே கெட்டது. “முன்னாடியே ஏன் சொல்லல?” என்று மாற்றிக் கொடுப்பதும் பாதி வேலைதான். சூழ்நிலையை மட்டும் சொல்லிவிட்டு, “இப்படி ஒரு விஷயம் காதுக்கு வந்தா நீங்க என்னம்மா கேப்பீங்க?” என்று கேளுங்கள். மூன்று முறை சொல்ல வையுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். “ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா ஒனக்கு” என்று ஏதாவது வரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு வசனமாக்குங்கள். அவர் வாயிலிருந்து வந்தது என்பதால் மறக்கவும் மாட்டார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அம்மா நெல்லைப் பேச்சு, மகன் சென்னைப் பேச்சு என்றால் பார்ப்பவருக்கு உறுத்தும். இருவரில் ஒருவரை இன்னொருவரின் பேச்சுக்கு மாற்ற முயலாதீர்கள். கதையை மாற்றுங்கள். பையன் சின்ன வயதிலிருந்தே சித்தி வீட்டில் வளர்ந்தவன் என்று ஒரு வரி வைத்தால் பேச்சு வேறுபாடே கதைக்குள் வந்துவிடும்.

யாரை எடுப்பது

ரீல்ஸில் நன்றாக நடிக்கிறவர் என்பதற்காக ஒருவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த வேகமும் கண் உருட்டலும் முப்பது நொடிக்குப் பழகியவை. எட்டு நிமிடத்தில் களைத்துப்போகும். கண்ணீர் விட்டுக் காட்டச் சொல்வதும் பயனில்லாத பரீட்சை.

மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலில், ரசம் வைப்பது எப்படி, வீட்டுக்கு எந்த பஸ்ஸில் போவீர்கள் என்பது போல அவருக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்லி, எதிரே சாதாரணமாக ஒரு போனை ஓடவிடுங்கள். போன் ஓடுகிறது என்று தெரிந்தும் பேச்சு மாறாமல் இருக்கிறதா? அடுத்து, துணி மடிப்பதோ வெங்காயம் உரிப்பதோ, கைக்கு ஒரு வேலை கொடுத்துப் பேச வையுங்கள். கை நின்றுபோனால் பேச்சில் மட்டும் கவனம் இருக்கிறது என்று பொருள். அதைப் பயிற்சியில் சரி செய்யலாம். மூன்றாவதுதான் முக்கியம். ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் இன்னொருவர் சொல்வதைக் கேட்க வையுங்கள். நன்றாகக் கேட்கத் தெரிந்தவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். எடிட்டிங்கில் பாதிப் படம் கேட்பவர் முகத்தில்தான் ஓடும்.

தேதி பேசும்போதே முடி வெட்டக் கூடாது, ஷேவ் செய்யக் கூடாது, புருவம் திருத்தக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். முதல் நாள் தாடியோடும் இரண்டாம் நாள் மழமழவென்றும் வந்து நிற்கும் ஹீரோவால் நின்றுபோன மாணவர் படங்கள் ஏராளம்.

குழந்தை நடிக்கிறது என்றால் தனிக் கவனம் தேவை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமும் அதையொட்டி 2017இல் வந்த விதிகளும், ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் குழந்தையை நடிக்க வைக்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியையும் கேட்கின்றன. முதல் படத்தில் குழந்தைக் கதாபாத்திரத்தைத் தவிர்ப்பதே நல்லது.

ஒத்திகை

தலா இரண்டு மணி நேரம், நான்கு அமர்வுகள். முதல் அமர்வில் ஸ்கிரிப்ட்டை வெளியே எடுக்காதீர்கள். அம்மாவாக நடிப்பவரும் மகனாக நடிப்பவரும் சேர்ந்து சமைக்கட்டும், சேர்ந்து சாப்பிடட்டும். எந்தத் தட்டு யாருக்கு, யார் முதலில் எழுந்திருப்பார் என்று அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டாகிவிடும். இரண்டாவதில் உட்கார்ந்து பேசிப் பார்ப்பது. மேலே சொன்ன வசன மாற்றமெல்லாம் இங்கேதான். மூன்றாவதைப் படம் எடுக்கப்போகும் வீட்டிலேயே வையுங்கள். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று அவர் கை தேடக் கூடாது. நான்காவதில் கேமராவும் மைக்கும் உண்மையாகவே ஓடட்டும், ஆனால் முக்கியமில்லாத காட்சிகளுக்கு மட்டும்.

உடைந்து பேசும் அந்த ஒரு காட்சியை முழு உணர்ச்சியோடு ஒத்திகை பார்க்க வேண்டாம். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று அசைவை மட்டும் பழக்குங்கள். நாடகத்தில் தினமும் அதே உணர்ச்சியைக் கொண்டுவரப் பயிற்சி இருக்கிறது. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற இடங்களில் உடலையும் குரலையும் அதற்காகவே மாதக்கணக்கில் தயார் செய்கிறார்கள். நம்மிடம் இருப்பவருக்கு அது ஓரிரு முறைதான் உண்மையாக வரும். அதை ஒத்திகையில் செலவழித்துவிடக் கூடாது.

வசனம் ராகமாகிவிட்டது, ஒவ்வொரு முறையும் ஒரே இழுப்பில் வருகிறது என்றால் ஒத்திகை அதிகமாகிவிட்டது என்று பொருள். கையில் இருக்கும் வேலையை மாற்றிவிடுங்கள். கீரைக்குப் பதில் பாத்திரம் துடைக்கட்டும். அல்லது காட்சி முழுவதையும் கிசுகிசுப்பாக ஒருமுறை பேச வையுங்கள். எதிரே இருப்பவர் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டாலும் இழுப்பு உடையும்.

வீட்டைக் காதால் பாருங்கள்

இடம் பார்க்கப் போகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஷூட்டிங் எந்தக் கிழமை, எந்த நேரமோ அதே கிழமை, அதே நேரத்தில் போய், ஹெட்போன் மாட்டி அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். தண்ணீர் மோட்டார் எப்போது ஓடும், குப்பை வண்டிப் பாட்டு எப்போது வரும், பழைய இரும்பு வாங்கும் ஆட்டோவின் ஒலிபெருக்கி, எதிர்வீட்டு குக்கர், பள்ளி வேன், காக்கா எல்லாவற்றையும் நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள். குடியிருப்புத் தெருக்களில் பொதுவாகக் காலை பத்தரையிலிருந்து மாலை மூன்றரை வரைதான் அமைதி கிடைக்கும். வசனக் காட்சிகள் அதற்குள். பேச்சில்லாத ஷாட்டுகள் அதற்கு முன்னும் பின்னும்.

தினசரி காலண்டரையும் புரட்டுங்கள். பக்கத்தில் கல்யாண மண்டபம் இருந்தால் முகூர்த்த நாளில் வேலை நடக்காது. ஆடி மாதம் அம்மன் கோயில் தெருவில் நாள் முழுக்கக் குழாய் ரேடியோ. மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைச் சாபமாக நினைக்க வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பவர்களுக்கு, தெருவில் மோட்டாரும் டிவியும் ஓடாத அருமையான நேரம் அது. பக்கத்தில் ஜெனரேட்டர் வைத்த கடை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஹால், காலிச் சுவர், டைல்ஸ் தரை என்றால் எதிரொலி வரும். அதை எடிட்டிங்கில் முழுமையாக எடுக்க முடியாது. கைதட்டிப் பாருங்கள், ‘டங்’ என்று திரும்பி வந்தால் அந்த அறை வேண்டாம். வேறு வழியில்லையென்றால் ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், கேமராவுக்குப் பின்னால் மெத்தையை நிறுத்துங்கள், கதவில் போர்வை தொங்கவிடுங்கள். மர பீரோ, துணி, கட்டில் நிறைந்த சின்ன அறை பார்க்க நெரிசலாக இருந்தாலும் கேட்க நன்றாக இருக்கும்.

டேக் ஓடும்போது ஃபேன் ஓடக் கூடாது. ஏப்ரல் மாதத்தில் இது கொடுமைதான். ஆனால் ஃபேன் சத்தம் ஒவ்வொரு ஷாட்டிலும் ஒவ்வொரு அளவில் கேட்கும், வெட்டி ஒட்டும்போது குதிக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஃபேன் போட்டு, துண்டால் முகத்தை ஒற்றிக்கொடுங்கள். வியர்வையும் தொடர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயம்: முன் ஷாட்டில் நெற்றி மினுங்கினால் இதிலும் மினுங்க வேண்டும். ஃபிரிட்ஜையும் அணைக்க வேண்டும். அணைப்பவர் தன் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது அதை மறுபடி போட மறக்க மாட்டார். வீடு கொடுத்தவரின் பாலும் மாவும் கெடாமல் இருக்கும்.

மைக்

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒயர் காலர் மைக்குகள் மாணவர் படத்துக்குப் போதும். போயா பிஒய்-எம்1 மாதிரி மைக்குகளுக்கு ஆறு மீட்டர் ஒயர் இருக்கும். அதைக் கேமராவரை இழுக்காதீர்கள். நடிப்பவரின் பையிலோ இடுப்பிலோ இன்னொரு போனை வைத்து, அதில் தனியாகப் பதிவு செய்யுங்கள். போன் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். பதிவு செயலியில் வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ். சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் அம்மா பேசாத நேரத்தில் தெருச் சத்தம் பெருகும், பேசத் தொடங்கியதும் அமுங்கும். அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். கத்தும் காட்சிக்கு இன்னும் குறைத்துவையுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் சில. அந்த மைக்கில் போனுக்கும் கேமராவுக்கும் தனித்தனி சுவிட்ச் நிலை இருக்கிறது. மாறி வைத்தால் ஒலி ஒன்றுமே வராது, அல்லது இரைச்சலாக வரும். கேமரா நிலையில் அதற்குள் இருக்கும் சின்ன பேட்டரி தேவை, போன் நிலையில் தேவையில்லை. ஹெட்போன் துளை இல்லாத புதிய போன்களுக்கு அடாப்டர் வாங்கும்போது, அது பாட்டு கேட்க மட்டுமா, மைக்குக்கும் வேலை செய்யுமா என்று கடையிலேயே பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். மைக் செருகியிருந்தும் போன் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருப்பது உண்டு. காலர் மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டினால் தெரிந்துவிடும்.

மைக்கைத் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சுக் குழியில், உடைக்கு உள்ளே மருத்துவ டேப்பால் ஒட்டுங்கள். ஒயரில் ஒரு சின்ன வளையம் விட்டு ஒட்டினால் இழுபடும் சத்தம் மைக்குக்கு ஏறாது. பெண்களுக்கு மைக் பொருத்த ஒரு பெண் இருக்க வேண்டும். இதில் சமாதானமே கிடையாது. கஞ்சி போட்ட காட்டன், பட்டு, பாலியெஸ்டர் மூன்றும் உரசும். நன்றாகத் துவைத்துப் பழசான பருத்திப் புடவைதான் சவுண்டுக்கு உகந்தது. தாலிச் சங்கிலி மைக்கில் தட்டும். கண்ணாடி வளையல், கொலுசு எல்லாம் வசனத்தின் மேல் விழும். கழற்றச் சொல்வதற்கு முன் கேளுங்கள். தாலியைக் கழற்றச் சொல்லவே வேண்டாம். சங்கிலியை ஒரு பக்கமாக ஒதுக்கி உள்பக்கம் டேப் போட்டால் போதும்.

படமும் ஒலியும் தனித்தனிக் கருவிகளில் பதிவாவதால், பின்னால் இரண்டையும் பொருத்த ஒவ்வொரு டேக்குக்கும் கிளாப் பலகை அடிக்க வேண்டும். காலையில் ஒருமுறை அடித்துவிட்டு நாள் முழுக்க ஓடவிட்டால், இரண்டு கருவிகளின் கடிகாரமும் மெல்ல விலகி உதடு ஒருபக்கம் பேச்சு ஒருபக்கம் ஆகும். முகத்துக்கு நேரே கிளாப் அடித்தால் புதியவர்கள் திடுக்கிட்டு, வந்த மனநிலையை இழந்துவிடுவார்கள். அந்தக் காட்சிகளுக்கு டேக் முடிந்தபின் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடியுங்கள். ஒவ்வொரு இடம் மாறும்போதும், எல்லாரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் இடைவெளிகளை நிரப்ப அதுதான் கை கொடுக்கும். நல்ல டேக்கில் ஒரு வரி மட்டும் ஆட்டோ ஹாரனில் போய்விட்டதா? அப்போதே, அதே இடத்தில், அதே மைக்கில், கேமரா இல்லாமல் அந்த வரியை மூன்று முறை பேச வையுங்கள். சூடு ஆறுவதற்குள் எடுத்தால் பெரும்பாலும் பொருந்தும்.

ஹெட்போன் மாட்டியிருப்பவர் “சவுண்டு போச்சு” என்றால் டைரக்டர் வாதாடக் கூடாது.

கேமரா, வெளிச்சம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு எல்லா இடத்திலும் பாடம் கிடைக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் டியூப் லைட் துடிக்காது. மலிவான எல்இடி பல்புகள் அப்போதும் துடிக்கலாம், முன்பே சோதியுங்கள். போனில் எடுத்தால் பிளாக்மேஜிக்கின் இலவசக் கேமரா செயலி மாதிரி ஒன்றில் ஃபிரேம், ஷட்டர், ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்), வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்), போகஸ் எல்லாவற்றையும் பூட்டிவிடலாம். போனின் சாதாரணக் கேமராவில் ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும், எடிட்டிங்கில் ஒலி நழுவும். அப்படி எடுத்துவிட்டால் எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான ஃபிரேமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜன்னல் பக்கமாக நடிகரை நிறுத்தி, நிழல் விழும் பக்கத்திலிருந்து எடுங்கள். வெயில் நேராக அடித்தால் ஜன்னலில் வெளுத்த ஒற்றை வேட்டியைக் கட்டினால் வெளிச்சம் பரவி மென்மையாகிவிடும். எதிர்ப்பக்கம் ஒரு முழு தெர்மோகோல். இன்னொரு தெர்மோகோலில் கறுப்பு சார்ட் ஒட்டி வைத்துக்கொண்டால் வெளிச்சத்தைக் குறைக்கவும் ஆகும். ஜன்னல் வெளிச்சத்தோடு டியூப் லைட்டையும் மஞ்சள் பல்பையும் கலக்காதீர்கள்.

முதல்முறை நடிப்பவருக்குக் கேமரா தள்ளி இருக்க வேண்டும். முகத்துக்கு அரை மீட்டரில் அகல லென்ஸை நீட்டினால் யாராக இருந்தாலும் விறைப்பார்கள். 50 மில்லிமீட்டர் லென்ஸ், முடிந்தால் 85, போனில் இரண்டு மடங்கு லென்ஸ் என்று வைத்து இரண்டு மூன்று மீட்டர் பின்னால் போய்விடுங்கள். பதிவு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள். நடிகர் பார்க்கும் திசையில் குழுவில் ஒருவரும் நிற்கக் கூடாது. அறைக்குள் நான்கு பேருக்கு மேல் கூடாது. குளோஸப் எடுக்கும்போது எதிரே பேசுபவர் கட்டாயம் இருக்க வேண்டும், கேமராவுக்கு ஒட்டியே உட்கார்ந்து உண்மையாகப் பேச வேண்டும். சுவரில் டேப் ஒட்டி ‘அதைப் பாருங்க’ என்றால் கண் செத்துவிடும்.

டேக் ஓடும் நேரம்

ஆறு நிமிடப் படத்துக்கு 35 ஷாட் என்று வைத்தால் நாளுக்குப் பதினேழு, பதினெட்டு. ஒன்றுக்கு 25 நிமிடம் போட்டால் ஏழரை மணி நேரம். சாப்பாட்டு நேரம் சேர்த்து அதற்கு மேல் இழுத்தால் புதியவர்கள் தாங்க மாட்டார்கள். ஒரே வீடு என்பதால் முடிந்தவரை கதை வரிசையிலேயே எடுங்கள். மனதளவில் எங்கே இருக்கிறோம் என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

ஒவ்வொரு காட்சியிலும் அகலமான ஷாட்டை ஒன்றிரண்டு முறை முழுவதுமாக ஓடவிடுங்கள். அதில் பதற்றம் குறையும். அடுத்து உடனே அம்மாவின் குளோஸப். மகனாக நடிப்பவன் நாடகத்தில் பழகியவன் என்றால் அவனுடையது கடைசியில் போதும். புதியவர்களுக்கு நான்காவது, ஐந்தாவது டேக்குக்கு மேல் புத்துணர்ச்சி இருப்பதில்லை. அதற்கு மேல் தேவைப்பட்டால் அதே ஷாட்டை மீண்டும் எடுக்காமல் கோணத்தையோ அசைவையோ மாற்றுங்கள். கை எப்போது கீரையை எடுத்தது, எப்போது வைத்தது என்பது டேக்குக்கு டேக் மாறும், அதற்காகத் திட்ட வேண்டாம். கீரைக் கட்டு, கை, தண்ணீர்க் குழாய், மகன் கதவு நிலையைப் பிடித்திருக்கும் விரல் என்று பத்து ஷாட்டுகளை நடிகர்கள் கிளம்புவதற்கு முன் எடுத்து வைத்தால் எல்லாப் பொருந்தாமையையும் அவற்றால் மூடலாம்.

“கொஞ்சம் சோகமா பேசுங்கம்மா” என்று சொன்னால், சோகமாகப் பேசுவது என்று சீரியலில் பார்த்ததைச் செய்து காட்டுவார். செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லுங்கள்: “அவன் மொகத்தப் பாக்காம இந்தக் கட்டு முழுசையும் ஆய்ஞ்சு முடிச்சிருங்கம்மா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாது.” அதற்குள் சோகம் தானாக வரும். நீங்கள் நடித்துக் காட்டாதீர்கள். உங்களைப் பார்த்து அப்படியே செய்ய முயல்வார். “ஆக்‌ஷன்!” என்று கத்தாதீர்கள். “ஆரம்பிக்கலாமாம்மா” என்று மெல்லச் சொன்னால் போதும். எடுத்ததை மானிட்டரில் போட்டுக் காட்டினால் அடுத்த டேக்கில் தன் மூக்கையும் முந்தானையையும் பற்றித்தான் நினைப்பார். “அந்தப் பெருமூச்சு பிரமாதம்” என்றால் அடுத்த டேக்கில் பெருமூச்சு மட்டும்தான் இருக்கும். குறை சொல்ல வேண்டியிருந்தால் டைரக்டர் ஒருவர் மட்டும், பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில்.

சாப்பாடும் சம்பளமும்

பன்னிரண்டு பேர், இரண்டு நாள், தலைக்கு 250 ரூபாய் என்றால் 6,000. காலை டிபன், பதினொரு மணி டீ, மதியச் சாப்பாடு, நான்கு மணிக்கு டீயும் வடையும். பட்ஜெட்டில் பாதி சாப்பாட்டுக்குப் போவதைப் பார்த்துக் குறைக்கத் தோன்றும். குறைக்காதீர்கள். டிபன் முடிந்த பிறகே முதல் ஷாட்.

அன்றைய வேலையை விட்டுவிட்டு நடிக்க வருகிறவருக்கு அவருடைய நாள் கூலியையாவது கொடுத்தாக வேண்டும். பூக்கட்டுபவரோ தையல் வேலை செய்பவரோ, ஒரு நாள் போனால் அவருக்கு வருமானம் போகிறது. எவ்வளவு என்று முன்பே பேசி, அன்று மாலை கிளம்பும்போது கவரில் போட்டுக் கையில் கொடுங்கள். படம் பரிசு வாங்கினால் தருகிறோம் என்பதெல்லாம் நியாயமில்லை. அவர் நான்கு மணிக்குப் பிள்ளைகளைக் கூப்பிடப் போக வேண்டுமென்றால் அவருடைய ஷாட்டுகள் மூன்றரைக்குள் முடிய வேண்டும்.

பதிவுகளும் எடிட்டிங்கும்

35 ஷாட், ஒவ்வொன்றும் நான்கு டேக், டேக்குக்கு 40 நொடி என்றால் 5,600 நொடி. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஏறக்குறைய 70 கிகாபைட். 128 கிகாபைட் கார்டு ஒன்றும், இரண்டு தனித்தனி டிஸ்க்குகளும் வேண்டும். மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை இரண்டிலும் நகலெடுத்து, நகலைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு டிஸ்க்கும் ஒரே பையில் போகக் கூடாது.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இந்த வேலைக்கு மிகுதி. டேக் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். குரல் உண்மையாக இருக்கும் டேக்கில் போகஸ் கொஞ்சம் நழுவியிருந்தாலும் அதையே எடுங்கள். அம்மாவின் மூன்றாம் டேக்கில் குரல் நன்றாக, முகம் சுமாராக இருந்தால், அந்தக் குரலை மகனின் முகத்தின் மேல் ஓட்டிவிடலாம். புதியவர்கள் பதில் சொல்வதற்கு முன் விடும் இடைவெளியை, வேகம் வேண்டும் என்று வெட்டித் தள்ளாதீர்கள். அந்த நேரத்தில்தான் அவர்கள் உண்மையாக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் காட்சியின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டுங்கள். கதவைத் திறந்து உள்ளே வருவதெல்லாம் யாருக்கும் தேவையில்லை.

எல்லாக் காட்சியின் அடியிலும் பதிவு செய்த அறைச் சத்தத்தை ஓடவிடுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம். யூடியூப் கண்டுபிடித்துவிடும், விழாக்களும் உரிமைக் கடிதம் கேட்கும். முடித்ததைப் போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். பெரும்பாலானோர் அதில்தான் பார்க்கப் போகிறார்கள். வசனம் அங்கே புரியவில்லையென்றால் இசையைக் குறையுங்கள். வெளிமாநில விழாவுக்கு அனுப்ப ஆங்கில சப்டைட்டில் அவசியம். அதை எழுதுபவர் வட்டாரப் பேச்சு தெரிந்தவராக இருக்கட்டும்.

ஒப்புதல் கடிதம் ஒரு பக்கம், தமிழில். படத்தின் பெயர், எங்கெல்லாம் காட்டப்படும், யூடியூபில் வருமா என்பது தெளிவாக இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிப் புரிந்தபின் கையெழுத்து. இணையத்தில் ஏற்றுவதற்கு முன் நடித்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் போட்டுக் காட்டுங்கள். ஏதாவது ஒரு ஷாட் வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னால் எடுத்துவிடுங்கள். கீழே வரும் கமெண்டுகளை அவருடைய பிள்ளைகளும் படிப்பார்கள், ஆகவே கமெண்டு வசதி இருக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். கடைசியில் பெயர் போடும்போது இன்ஷியல் அப்பா பெயரிலா கணவர் பெயரிலா, ‘ஸ’வா ‘ச’வா என்று எழுதிக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். வீடு கொடுத்தவர், மோட்டாரை நிறுத்தி வைத்த பக்கத்து வீட்டுக்காரர் பெயர்களும் அதே அளவு எழுத்தில் வர வேண்டும்.